பழைய கார் கிளம்பவில்லையா? பேட்டரி வாங்குமுன் கம்பியைப் பாருங்கள்

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர் போன்ற ஊர்களில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார் நிற்பதை இன்றும் காணலாம். பெரும்பாலும் அது அம்பாசிடராகத்தான் இருக்கும். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1958-ல் தொடங்கி 2014 வரை உற்பத்தியான வண்டி அது. உற்பத்தி நின்றுவிட்டாலும் வண்டி நிற்கவில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் போட்டுவிட்டுப் பணம் வாங்கி வரவும், திண்டிவனத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகவும், கல்யாணம் கருமாதிக்கும், பார்சுவநாதர் கோயில் தேருக்கு வரும் உறவினரை அழைத்து வரவும் அது வெளியே வருகிறது. மற்ற நாட்களில் கொட்டகையில் கிடக்கிறது. அவ்வாறு கிடக்கும் வண்டிக்குத்தான் மின்சாரக் கோளாறு மிகுதி.

வண்டி கிளம்பவில்லை என்றவுடன் நம்மில் பலர் செய்வது யாதெனில், பேட்டரியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டி நகரத்துக்குக் கொண்டு போவது. அங்கே புதிய பேட்டரி ஒன்று வாங்கி வந்து மாட்டுவார்கள். வண்டி கிளம்பும். சரிதான் என்று இருந்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் அதே கதை. பழைய பேட்டரியில் குறையே இல்லாமல் இருந்திருக்கலாம். அதைக் கழற்றி மாட்டும்போது கிளாம்பு சற்றுத் தேய்ந்து சுத்தமானதால்தான் வண்டி கிளம்பியிருக்கலாம். ஒரு போக உளுந்து வருமானத்தில் ஒரு பங்கு இப்படித் தேவையின்றிப் போகிறது. அரை மணி நேரச் சோதனையில் இதைத் தவிர்க்க முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெஞ்சுவலி, பாம்புக்கடி, பிரசவ வலி போன்ற நேரங்களில் கிளம்பாத காரோடு மல்லுக்கட்டிக் கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். இங்கே கூறப்படும் சோதனைகள் அதற்கு முந்தைய ஒரு பகல் நேரத்துக்கு உரியவை.

விளக்கு எரிகிறது, வண்டி எடுக்கவில்லை. ஏன்?

"லைட் நல்லாத்தான் எரியுது, ஆரனும் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கல" என்று சொல்லாத வண்டிக்காரர் இல்லை. இதிலுள்ள சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏரி நிறைய நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகில் கோரையும் சேறும் அடைத்திருக்கின்றன. கசிந்து வரும் நீர் நாற்றங்காலுக்குப் போதும். ஆனால் நடவுக்கு ஓர் ஏக்கரை நிரப்ப முடியுமா? முடியாது. ஏரியில் நீர் இல்லை என்று அப்போது நாம் சொல்வதில்லை, மதகைத்தான் பார்க்கிறோம். இங்கே பேட்டரிதான் ஏரி. தடித்த கேபிள் வாய்க்கால். பேட்டரி முனையில் மாட்டியிருக்கும் கிளாம்பு மதகு.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 8 ஆம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டாரோ பெட்ரோல் காரில் 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளாம்பில் பூத்த வெள்ளை உப்பால் 0.02 ஓம் தடை ஏற்பட்டிருந்தால், விளக்குக்குப் போகும் 8 ஆம்பியரில் இழப்பு 0.16 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. அதே தடையில் 150 ஆம்பியர் போக முயன்றால் இழப்பு 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 போய்விட்டால் ஸ்டார்ட்டர் சுற்றுமா? முனகும், அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். எனவே விளக்கு எரிவதை மட்டும் வைத்து பேட்டரி நல்லது என்றோ, செல்ஃப் எடுக்காததை மட்டும் வைத்து பேட்டரி கெட்டது என்றோ முடிவு கட்டக்கூடாது.

ஏரி உவமை ஓரிடத்தில் பொருந்தாது. வயலுக்குப் போன நீர் ஏரிக்குத் திரும்புவதில்லை. மின்சாரம் புறப்பட்ட பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி இன்ஜினும் வண்டியின் உடலும்தான். இதைத்தான் எர்த் என்கிறோம். போகும் வழியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர்கள் திரும்பும் வழியை மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் கோளாறு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். பழைய 12 வோல்ட் பல்பு ஹோல்டரில் இரண்டு முழ ஒயர் இரண்டைக் கட்டி நீங்களே செய்துகொள்ளலாம். மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் உதவும். ஆனால் 150 ஆம்பியரை மல்டிமீட்டர் வழியாக அளக்க முயலக்கூடாது, மீட்டர் கருகிவிடும். வோல்ட் பகுதியில் வைத்து மட்டும் அளங்கள்.

பேட்டரியில் கை வைக்கும் முன் கைக்காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். முனைக்கும் உடலுக்கும் நடுவே உலோகம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைப் பொசுக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பீடி கூடாது, தீக்குச்சி கிழித்துத் தண்ணீர் மட்டம் பார்ப்பது கூடவே கூடாது. கழற்றும்போது எர்த் கிளாம்பை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பழைய ஆங்கிலேய அமைப்பு வண்டிகள் சிலவற்றில் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். எனவே உங்கள் வண்டியில் எது எர்த் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட பின்பே தொடங்குங்கள். இனி வருவன மைனஸ் எர்த் வண்டிக்குச் சொல்லப்படுபவை.

முதற் சோதனை

பேட்டரியில் ஒவ்வொரு அறையிலும் நீர்மட்டத்தைப் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர் ஊற்றுவது பேட்டரிக்கு நஞ்சு வைப்பது போன்றது. பிறகு மீட்டரால் அளங்கள். வண்டி நின்று சில மணி நேரம் ஆனபின் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் போனால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். சோதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நம் வெப்பத்துக்கு 1.240 அளவில் இருந்தால் நிறைவு. ஐந்து அறை சரியாக இருந்து ஓர் அறை மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். இது வாங்கியே ஆகவேண்டிய நிலை.

அடுத்து, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அறவே மங்கிப்போனால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனைக் கிளாம்பு சரியில்லை. ஸ்டார்ட்டர் இறுகிச் சிக்கியிருந்தாலும் இப்படி மங்கலாம். வெளிச்சம் சற்றும் குறையாமல் இருந்து, சத்தமும் இல்லாவிட்டால் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை. சாவி, சொலினாய்டு, அவற்றுக்கு இடைப்பட்ட மெல்லிய ஒயர், ஸ்டார்ட்டரின் உள்ளே உள்ள கார்பன் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இழப்பு எங்கே என்று அளப்பது

இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள். வண்டி தப்பித் தவறிக் கிளம்பிவிடாதபடி, காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணின் மீதே வையுங்கள். கிளாம்பின் மீது அல்ல, ஈயத் தூணின் மீது. மற்ற முனையை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியில் வையுங்கள். வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் திரும்பும் வழி நன்று. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கே இருக்கிறது. 2, 3 என்று காட்டினால் உங்கள் பேட்டரி மீது பழி போட்டது தவறு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதே போல் பிளஸ் தூணிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட்டு வரை அளங்கள். இங்கும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையே, கிளாம்புக்கும் கேபிளுக்கும் இடையே, சொலினாய்டின் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே என்று சிறிது சிறிதாக அளந்து கொண்டே போனால் இழப்பு நடக்கும் இடம் கையில் சிக்கும். சாவி திருப்பும்போது பேட்டரியின் இரு தூண்களுக்கிடையே 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பேட்டரி தன் வேலையைச் செய்கிறது.

மீட்டர் இல்லையா? சில நொடிகள் செல்ஃப் அடித்துவிட்டு உடனே கிளாம்புகளையும் கேபிள் முனைகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி.

குறை கிளாம்பில் என்றால், ஒரு டம்ளர் நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கரைத்து உப்பைக் கழுவுங்கள்; அந்த நீர் பேட்டரி அறைக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்கட்டும். உலர்ந்தபின் தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, அதற்குப் பின் மேலே வாஸ்லின் தடவுங்கள். வாஸ்லினை முதலில் தடவிவிட்டு மாட்டுவோரும் உண்டு; தேய்த்து மாட்டியபின் தடவுவதே நல்லது. கிளாம்பைக் கல்லால் தட்டி இறக்காதீர்கள். தூண் உள்ளே முறிந்துவிடும்.

எர்த்தில் குறை என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, பேட்டரியிலிருந்து உடலுக்குப் போகும் கேபிள் திருகியிருக்கும் இடம்; அங்கே பெயின்ட்டும் துருவும் இருக்கும், சுரண்டி எடுங்கள். மற்றொன்று, உடலிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பின்னல் பட்டை. இன்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை இல்லாவிட்டால் அதற்கு எர்த் கிடையாது. இன்ஜின் வேலை பார்த்தபின் இதைத் திரும்ப மாட்ட மறப்பது அடிக்கடி நேர்கிறது. அப்போது மின்சாரம் சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கம்பியிலிருந்து புகை வந்தால் காரணம் இதுதான். ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸ் முனைக்கும் இன்ஜினுக்கும் நேரே போட்டு, செல்ஃப் துள்ளி எடுத்தால் ஐயமே இல்லை, பட்டையை மாற்றுங்கள்.

'டக் டக்' சத்தமும் சிக்கிய பல்லும்

கேபிள்கள் சரியாக இருந்தும் சொலினாய்டு சத்தமே போடவில்லை என்றால், அதன் சிறிய முனையில் டெஸ்ட் லேம்பை வைத்துச் சாவி திருப்புங்கள். பல்பு எரிந்தால் சொலினாய்டு கோளாறு. எரியாவிட்டால் சாவியோ ஒயரோ. சில பழைய வண்டிகளில் சொலினாய்டின் அடியில் ரப்பர் மூடிய பொத்தான் ஒன்று உண்டு. நியூட்ரலில் வைத்து அதை விரலால் அழுத்தினால் சாவி இல்லாமலே செல்ஃப் எடுக்கும். அவசரத்துக்குக் கை கொடுக்கும் பொத்தான் அது.

ஸ்டார்ட்டர் 'உய்ங்' என்று வெறுமனே சுற்றி, இன்ஜின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல் மாட்டிக்கொண்டு விடுபடாவிட்டால் சாவியை அணைத்துவிட்டு, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடுபட்டுவிடும்.

ஹேண்டில் போட்டுச் சுற்றுவோர், கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் போய்விடும். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைக் கெட்டரிங் என்பார் கொண்டுவந்ததே இந்த ஹேண்டிலின் தொல்லை பொறுக்காமல்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

பெட்ரோல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, தீப்பொறி பக்கம் வாருங்கள். காயிலில் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். சாவியிலிருந்து வரும் முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, மற்ற ஒயரை எர்த் செய்யுங்கள். சாவி போட்டால் பல்பு எரிய வேண்டும். அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் வைத்து இன்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள். பல்பு மின்மினி போல் விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் கரிபிடித்து ஒட்டவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயர் அறுந்துள்ளது. எரியவே இல்லை என்றால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த்தாகிறது, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. இப்போதும் எரியாவிட்டால் காயில் போய்விட்டது.

பாயிண்ட் நன்கு திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கரியை மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, பெட்ரோல் தோய்த்த துணியால் துடையுங்கள். தேய்த்த சில நாட்களிலேயே மீண்டும் கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள். விலை குறைந்த பொருள். சாவியைப் போட்டபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், காயில் சூடாகிக் கெடும்.

ஐப்பசி, கார்த்திகையில் காலை நேரத்தில் மட்டும் வண்டி பிடிக்கவில்லை என்றால் வேறெதையும் தொட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உட்புறத்தையும் ரோட்டாரையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, வெயிலில் கால் மணி வையுங்கள். மூடிக்குள் பென்சில் கோடு போல் கரிக்கோடு தெரிந்தால் விரிசல்; மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக் ஒயர்களை மாற்றி மாட்டிவிடாதீர்கள். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினில் வரிசை 1, 3, 4, 2.

அறுவடை முடிந்து கொட்டகைக்குப் பக்கத்தில் வைக்கோல் போர் போட்டபின் திடீரென்று வரும் கோளாறுக்கு எலிதான் காரணமாக இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியிலும் இன்ஜினுக்குப் பின்னாலும் ஒயரைக் கடித்த இடம் பாருங்கள். அந்த இடத்தில் ஒயரைத் திரித்து விட்டுவிடாமல் இணைத்து, டேப் சுற்ற வேண்டும். எரிந்த பியூசுக்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் அதைச் செய்வது வீட்டுக்கே தீ வைப்பதாகும்.

டீசல் அம்பாசிடரிலும் டிராக்டரிலும் காயில், பாயிண்ட், பிளக் எதுவும் இல்லை. அவற்றின் ஸ்டார்ட்டர் இன்னும் அதிக மின்னோட்டம் இழுப்பதால் கிளாம்பும் எர்த்தும் பற்றி மேலே சொன்னவை அவற்றுக்கு இரு மடங்கு பொருந்தும். டிராக்டரில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி பாதுகாப்பு சுவிட்சு இருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் கீழே நின்றுகொண்டு ஸ்பேனரால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளைத் தொடுத்து வண்டியை எடுக்காதீர்கள். கியரில் இருந்தால் பெரிய சக்கரம் உங்கள் மேல்தான் ஏறும்.

கிளம்பிய பின்

வண்டி ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.5-லேயே நின்றால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அதன்பின் டைனமோவையோ ஆல்ட்டர்னேட்டரையோ எலக்ட்ரீசியனிடம் காட்டலாம். ஆல்ட்டர்னேட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றிச் சோதிப்பது பழைய வழக்கம். அவ்வாறு செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளேயுள்ள டயோடுகள் போய்விடும்.

பேட்டரி, சார்ஜ் இரண்டும் சரியாக இருந்தும் நான்கு நாளில் இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, எர்த் கிளாம்பைக் கழற்றி, தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவே டெஸ்ட் லேம்பைக் கோத்துவிடுங்கள். பல்பு எரிந்தால் மின்சாரம் கசிகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வாருங்கள். எதை எடுக்கும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில் தேட வேண்டும். எந்தப் பியூசுக்கும் அணையாவிட்டால் ஆல்ட்டர்னேட்டர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி எடுக்கப் போவதில்லை என்றால் எர்த் கிளாம்பைக் கழற்றி வைப்பதும், மாதம் ஒருமுறை பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் நல்லது. கழற்றி வைத்ததை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். சாவியிலேயே ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. அவசரமாக வண்டி எடுக்க வரும் பையன், கிளாம்பு கழன்றிருப்பது தெரியாமல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போய்விடுவான்.